பாத்திரம் கழுவும் மெஷினும் எங்கள் உப்புத் தண்ணீரும்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் போர்வெல் தண்ணீர் கடினமானது என்பதால், டிஷ்வாஷரிலிருந்து எடுத்த எவர்சில்வர் டம்ளர்களில் ஒரு மாதமாக வெள்ளைப் படலம் படிந்திருந்தது. மேல்தட்டுக் கிண்ணங்களில் சாம்பார்ப் பருப்பு அப்படியே ஒட்டியிருந்தது. நேற்று, தண்ணீரைப் பீய்ச்சும் சுழல்கையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, துளைகளில் பாதி சுண்ணாம்புப் பொருக்கால் அடைபட்டிருந்தன. ஒன்றில் தாளித்த கடுகு சிக்கியிருந்தது. பல்குத்தும் குச்சியால் அதை எடுத்துவிட்டு, வினிகர் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். அடியிலுள்ள வடிகட்டியையும் வாரந்தோறும் கழுவ வேண்டும். அதைவிட முக்கியமானது உப்பு: மெஷினுக்குள் இருந்து தண்ணீரை மென்மையாக்கும் பிசின் (ரெசின்) மணிகளுக்கு மீண்டும் வலுவூட்டுவது அதுதான் என்பதால், அயோடினும் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் கலந்த சமையல் உப்பைத் தயவுசெய்து மெஷினின் உப்புத் தொட்டியில் போடாதீர்கள். டிஷ்வாஷர் உப்பை நிரப்பி, மெஷினில் தண்ணீரின் கடினத்தன்மைக்கான அமைப்பையும் உயர்த்தி வைத்த பின், இன்று காலை டம்ளர்கள் பளிச்சென்று வந்தன.