ப்ராஜெக்ட் சோம்பாய்ட் சர்வரில் குளிரையும் மழையையும் எப்படி வைப்பது

பெங்களூரு டிசம்பருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். ஸோம்பிகளிடமிருந்து உயிர்பிழைக்கும் ப்ராஜெக்ட் சோம்பாய்ட் கேம் நடக்கிற அமெரிக்காவின் கென்டக்கியில் அந்தக் கணக்கு செல்லாது, குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். நம்ம ஊர்த் தமிழ் குரூப்புகளில் புதிதாக சர்வர் போடுகிறவர்கள் வெப்பநிலையை மட்டும் கடுங்குளிருக்கு மாற்றிவிட்டு, பெரிதாக எதுவும் தெரியவில்லையே என்று கேட்கிறார்கள். ஆட்டம் இயல்பாகத் தொடங்குவது 1993 ஜூலை 9, நடுக்கோடை. குளிர் உறைக்க வேண்டுமென்றால் தொடங்கும் மாதத்தையும் நவம்பருக்கோ டிசம்பருக்கோ தள்ளுங்கள்.

இனி சொல்வதெல்லாம் கேமின் பில்ட் 41 பதிப்புக்கு. சர்வரை நிறுத்திவிட்டு, சோம்பாய்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் சர்வர் ஃபோல்டரில் ‘சாண்ட்பாக்ஸ்வார்ஸ்’ என்று முடியும் லுவா ஃபைலைத் திறக்கவும். முதலில் ஒரு காப்பி எடுத்து வைப்பது நல்லது. டெம்பரேச்சர், ரெயின் இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு, 3 சாதாரணம். டெம்பரேச்சரில் 1 கடுங்குளிர், ரெயினில் 1 கடும் வறட்சி.

ஆட்டத்துக்குள் மின்சாரம் எப்போது நிற்கிறது என்பதைப் பலரும் இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. கரண்ட் இருக்கும்வரை வீட்டுக்குள் குளிர் அவ்வளவாகத் தெரியாது. டிசம்பர் தொடக்கம், கடுங்குளிர், முதல் நாளே கரண்ட் கட் என்று மூன்றையும் ஒன்றாக வைத்தால், கதகதப்பான உடை கிடைக்கும் முன்பே புது ஆட்டக்காரர் விறைத்துப்போவார். என்னைக் கேட்டால் டெம்பரேச்சர் 2, கரண்ட் நிற்பது இரண்டு வாரம் கழித்து. விறகடுப்பு உள்ள வீட்டைத் தேட அந்த அவகாசம் வேண்டும்.

மழையை 5-க்கு ஏற்றினால் மழைநீர்ப் பீப்பாய்கள் சீக்கிரம் நிறையும், ஆனால் உடை நனைந்துகொண்டே இருக்கும். நனைந்த துணி குளிரைத் தாங்காது. காற்றும் சேர்ந்தால் உடல் வெப்பம் சரசரவென்று இறங்கும். நனைந்ததைக் கழற்றி, டவலால் துடைத்து, உலர்ந்ததை மாட்டுவதுதான் வழி. ரெயினை 1-க்கு இறக்கினால் குழாய்த் தண்ணீர் நிற்கும் நாளையும் தள்ளிப்போடுங்கள். மழைநீர்ப் பீப்பாய் செய்யத் தச்சுத் திறன் நிலை 4 வேண்டும். பலகை, ஆணி, குப்பைப் பை தலா 4. மேலே கூரை இருந்தால் ஒரு சொட்டும் சேராது. பிடித்த தண்ணீரைக் கொதிக்க வைத்த பிறகே குடிக்கலாம்.

வானிலை மோட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்யும் கூடுதல் ஃபைல்) போட்டும் வானம் மாறவில்லையா? மோடைக் குறை சொல்லும் முன் அட்மின், அதாவது சர்வர் நிர்வாகி, வானிலையைக் கையால் மாற்றும் கிளைமேட் பேனலைத் திறந்து பாருங்கள். அங்கே ஒரு ஸ்லைடருக்குப் பக்கத்தில் டிக் விழுந்திருந்தால், மோட் தரும் மதிப்பைத் தள்ளிவிட்டு அட்மின் வைத்த மதிப்பே ஓடும். சோதனைக்காக யாராவது வெப்பநிலையை இழுத்துப் பார்த்து அப்படியே விட்டிருப்பார்கள். டிக்கை எடுத்ததும் மோட் வேலை செய்யும். அப்போதும் சரியாகவில்லை என்றால், வெப்பநிலையைத் தொடும் மோட்கள் இரண்டு சேர்ந்து ஓடுகின்றனவா என்று பார்த்து, ஒன்றை நிறுத்துங்கள்.