சத்துவாச்சாரி ஹாலுக்கு ஒரு ரிசீவர்: இதுவரை நடந்தது

டிவியின் சத்தத்தை வாங்கிப் பிரித்து, பெருக்கி, ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டிதான் ரிசீவர். அதற்கு 20,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பதுதான் ஆரம்பக் கணக்கு. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் ஹால் 11-க்கு 14 அடி, மொசைக் தரை. முன்னால் வைக்க இரண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர், வசனத்துக்கு நடுவில் ஒரு சென்டர் ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப் ஊஃபர் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தேன். பின்பக்க ஜோடிதான் பாக்கி.

முதலில் போனது காட்பாடியில் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்யும் அண்ணனிடம். ஊர்த் திருவிழாக்களுக்கு செட் கட்டிக் கொடுக்கும் கை அவருடையது. "தம்பி, 5.1 போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், கேபினட், ரிமோட் எல்லாம் சேர்த்து உன் பட்ஜெட்டுல பாதிக்குள்ள முடிச்சுத் தரேன். ரிப்பேர்னா இங்கயே பாத்துக்கலாம்" என்றார். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர். அவர் சொன்னது நியாயம்தான். டிடிஏ 7294 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி போட்டு அவர் கட்டிய ஆம்ப்பைக் கேட்டேன், பாட்டுக்கு அருமை. ஆனால் எனக்கு வேண்டியது வேறு. ஒவ்வொரு ஸ்பீக்கரும் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்பத் தாமதம் கொடுக்க வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை மட்டும் சப் ஊஃபருக்குப் பிரித்து அனுப்ப வேண்டும். நான் பார்த்த போர்டுகளில் வால்யூமை மட்டும்தான் சேனல் சேனலாக, அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக, கூட்டிக் குறைக்க முடிந்தது. படம் பார்க்க ரிசீவர்தான் என்று அங்கேயே முடிவானது.

அப்புறம் வாட்ஸ். அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போடும் எண் பெரும்பாலும் ஒரே ஒரு சேனல் ஓடும்போது, 1 கிலோஹெர்ட்ஸில், சில சமயம் 10 சதவீதம் சத்தம் உடைந்த நிலையில் அளந்தது. பார்க்க வேண்டியது, இரண்டு சேனல் ஓட 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை எவ்வளவு என்பதை. யமஹா ஆர்எக்ஸ்-வி385 ரிசீவர் அந்தக் கணக்கில் 6 ஓம் ஸ்பீக்கருக்கு 70 வாட்.

70 போதுமா? என் ஸ்பீக்கர் 88 டெசிபல் ரகம். அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 88. நாங்கள் உட்காருவது 3 மீட்டர் தள்ளி, அங்கே ஏறத்தாழ 78 கிடைக்கும். வசனம் 75-இல் ஓடினால் வீட்டுக்குத் தாராளம். அதற்கு 1 வாட்டே அதிகம். சண்டைக் காட்சியில் திடீரென்று 20 டெசிபல் எகிறி 95 போனால்கூட 50 வாட் பக்கம்தான். சுவர்களின் எதிரொலி சேர்வதால் நிஜத்தில் இன்னும் குறைவாகவே போதும். 100 வாட்டை விட்டு 200 வாட்டுக்குப் போனாலும் கூடுவது வெறும் 3 டெசிபல். அந்தப் பணத்தை சப் ஊஃபரிலோ சென்டரிலோ போடலாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

புதிது பட்ஜெட்டில் வரவில்லை, ஆகவே செகண்ட் ஹேண்ட். பெங்களூரில் ஒருவர் பெரிய மாடலுக்கு மாறுகிறார் என்று தெரிந்து ரயிலேறிப் போய் அதே வி385-ஐ வாங்கி வந்தேன். பழையது வாங்கும்போது பலர் பயப்படுவது, 4கே படத்தை அது டிவிக்குக் கடத்துமா என்று. டிவியில் ஏஆர்சி இருந்தால் அந்தப் பயம் தேவையில்லை. படம் டிவியிலேயே ஓடட்டும், சத்தம் மட்டும் ஹெச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்குத் திரும்பி வரும். 2009-இல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.4-இலேயே இந்த வசதி சேர்ந்துவிட்டது. அதுவும் இல்லாத பழைய ரிசீவரா, ஆப்டிகல் வயரில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்ற ஒலி வடிவங்கள் 5.1 ஆகவே வரும். நான் சோதித்துப் பார்த்தவை: ஒவ்வொரு சேனலிலும் டெஸ்ட் டோன், எல்லா ஹெச்டிஎம்ஐ ஓட்டையும், ரொம்ப நேரம் ஓடிய பிறகு தானாக அணைகிறதா என்பது. அளவு எடுக்கும் மைக் கையோடு வர வேண்டும், அதை மறக்காதீர்கள்.

வீட்டில் மாட்டியதும் டிவியின் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம்-இலிருந்து பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றினேன். பிட்ஸ்ட்ரீம் என்றால் டிவி பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பிவிடும். பிசிஎம்-இல் விட்டால் ஏஆர்சி வழியே இரண்டு சேனல்தான் வரும். பிறகு காது உயரத்தில் மைக்கை வைத்து ஒய்பிஏஓ என்ற யமஹாவின் தானியங்கி அளவீட்டை ஓட்டினேன். முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்', அதாவது அடித்தொனியையும் அவையே வாசிக்கும் என்று எடுத்துக்கொண்டது. கையால் 'ஸ்மால்' ஆக்கி 80 ஹெர்ட்ஸ் வைத்தேன். சப் ஊஃபர் தூரத்தை டேப்பில் அளந்ததைவிட அதிகமாகக் காட்டியது. அதற்குள் இருக்கும் சர்க்யூட்டின் தாமதத்தையும் சேர்த்துச் சொல்கிறது, மாற்ற வேண்டாம்.

வேலூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம். கதவு போட்ட ஷோகேஸுக்குள் ரிசீவரைப் பூட்டாதீர்கள். கத்திரி வெயிலில் அறையே கொதிக்கும், மேலே அரை அடியாவது காலி விடுங்கள். அப்புறம், ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று உறுமும். நான் நேரே ஈபி லைனில், ஸ்டெபிலைசர் வழியாகக் கொடுத்திருக்கிறேன்.

அம்மாவுக்குத்தான் பெரிய லாபம். சென்டரை 2 டெசிபல் ஏற்றி, பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் அடாப்டிவ் டிஆர்சி போட்டபின் இரவில் குறைந்த சத்தத்திலும் சீரியல் வசனம் தெளிவாகக் கேட்கிறது என்கிறார். அடுத்து பின்பக்க ஜோடி. பட்டறையில் பெட்டி அடித்துப் போடலாமா, பழையது தேடலாமா என்று காட்பாடி அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். 8 ஓம் டிரைவர் அவரிடம் இருக்கிறதாம்.