வெயிட்டேஜ் வழக்கில் நான் பட்ட பாடு

2013 ஆகஸ்டில் நடந்த டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் நான் எடுத்தது 150-க்கு 96. எட்டு மதிப்பெண் குறைவாக, 88 எடுத்த ஒருவர் ஆசிரியர் பணிக்கான தேர்வுப் பட்டியலில் எனக்கு வெகு மேலே இருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிட்டேஜ் கணக்கு அப்படி. ஒவ்வொரு தேர்வின் மதிப்பெண்ணுக்கும் இத்தனை பங்கு என்று கூட்டித் தரவரிசை போடுவார்கள். அரசாணை 71-இன்படி டெட்டுக்கு 60, பிளஸ் டூவுக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15. என் டெட் 38.4 ஆனது. நாங்கள் படித்த காலத்தில் பிளஸ் டூவில் 60 சதவீதம் வாங்கினால் தெருவே பேசும். அதற்குக் கிடைத்தது 6. பி.ஏ. வரலாறு 58 சதவீதம், 8.7. பி.எட். 9.75. மொத்தம் 62.85. அவருக்கு டெட்டில் 35.2 தான். ஆனால் பிளஸ் டூ 90, பட்டம் 80, பி.எட். 85 சதவீதம் என்று சேர்ந்து 68.95 வந்துவிட்டது. டெட்டை மறுபடி எழுதி மதிப்பெண்ணை ஏற்றலாம். பிளஸ் டூவை எங்கே போய் ஏற்றுவது?

இதற்கு முந்தைய முறை இன்னும் விசித்திரம். 2012 அக்டோபரில் வந்த அரசாணை 252-இன்படி டெட்டில் 90 எடுத்தவருக்கும் 42, 104 எடுத்தவருக்கும் 42. 105 எடுத்தால் 48! 2014 ஏப்ரல் கடைசியில் நீதிபதி நாகமுத்து அந்த ஸ்லாப் முறையை ரத்து செய்தபோது எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரே கொண்டாட்டம். மே 30-ஆம் தேதி அரசாணை 71 வந்ததும் அடங்கிப்போனோம். ஸ்லாப் போனது, பிளஸ் டூ அப்படியே நின்றது.

சரி, சிலர் சேர்ந்து ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம் என்று முடிவானது. மனு தயாரிப்பது பெரிய வேலையில்லை, வக்கீல் பார்த்துக்கொண்டார். என்னை அலைய விட்டது பட்டத்தின் சதவீதம். என்னிடம் இருந்தது வருட வாரியான மதிப்பெண் பட்டியல்கள். வக்கீல் கேட்டது எல்லா வருடத்தையும் சேர்த்த ஒருங்கிணைந்த பட்டியல். நான் படித்த கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மூணு ஷீட் இருக்குல்லம்மா, கூட்டிக்க வேண்டியதுதானே?" என்றார். கூட்டினால் ஒரு எண், முதன்மைப் பாடத்தை மட்டும் கூட்டினால் வேறு எண். எதை எழுதுவது என்று கேட்டால் பல்கலைக்கழகத்துக்குப் போகச் சொன்னார். அங்கே போனால், கல்லூரி முதல்வரின் கடிதம் இல்லாமல் விண்ணப்பமே வாங்க மாட்டார்களாம். அதைக் கல்லூரிக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் மிச்சம். கடைசியில் அந்தக் கடிதத்தை வாங்கித் தந்தது பியூன் அண்ணன்தான். புண்ணியவான்.

அப்புறம் விசாரணை. அன்றைய வழக்குப் பட்டியலில் நம் எண் இருக்கிறதா என்பதை வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். "நாளைக்கு வருது, வந்துடுங்க" என்றார் எங்கள் குமாஸ்தா. லீவு போட்டு, விடியற்காலை பஸ் பிடித்து, ஐகோர்ட் கிளை இருக்கும் ஒத்தக்கடையில் இறங்கினால், பட்டியலில் எங்கள் வழக்கே இல்லை. முந்தின நாள் மாலையே ஐகோர்ட் இணையதளத்தில் பட்டியல் வந்துவிடும். நீங்களே பாருங்கள்.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இடைக்கால உத்தரவு. "நியமனங்கள் வழக்கின் இறுதி முடிவுக்குக் கட்டுப்பட்டவை" என்று உத்தரவு வந்ததும் ஜெயித்த மாதிரி போன் மேல் போன். அந்த வரியால் உங்களுக்கு ஒரு நாற்காலியும் வராது. மற்றவர்கள் பணியில் சேர்வார்கள், சம்பளம் வாங்குவார்கள், வருடம் ஓடும். பிறகு அவர்களை எடுக்கச் சொல்ல எந்தக் கோர்ட்டுக்கும் மனசு வராது. "என் பாடத்தில், என் இனச்சுழற்சியில் (இடஒதுக்கீட்டு வரிசையில்) ஓர் இடத்தைக் காலியாக வைக்க வேண்டும்" என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் வக்கீல் அதைக் கேட்கவே இல்லை. இன்னொன்று, தேர்வானவர்களில் சிலரையாவது எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாதிக்கப்படுபவர்கள் தரப்பைக் கேட்காமல் பட்டியலில் கை வைக்க முடியாது என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்.

2014 செப்டம்பரில் சென்னையில் அரசாணை 71 செல்லும் என்று தீர்ப்பு. சில நாளிலேயே மதுரையில், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு டெட் தேர்ச்சி மதிப்பெண்ணில் 5 சதவீதத் தளர்வு கொடுத்த அரசாணை 25 செல்லாது என்று தீர்ப்பு. எல்லாம் டெல்லிக்குப் போனது. 2016 நவம்பர் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் லாவண்யா வழக்கில் இரண்டு அரசாணைகளும் செல்லும் என்றது. அதோடு எங்கள் மனுவும் முடிந்தது. தளர்வு சரிதான், அதில் எனக்குச் சண்டையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு இடம் கொடுத்ததைத்தான் இன்னும் ஏற்க முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கோர்ட்டில் ஜெயித்த அந்த வெயிட்டேஜை 2018 ஜூலையில் அரசே அரசாணை 149 போட்டு எடுத்துவிட்டது. டெட் முடித்தவர்களுக்குத் தனிப் போட்டித் தேர்வு என்றார்கள். அதற்குள் என் சான்றிதழின் ஏழு வருடக் கெடு முடிகிற கட்டம். 2021-இல் டெட் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும், அதுவும் 2011 முதல் எழுதியவர்களுக்கும் சேர்த்து என்று அறிவிப்பு வந்தபோதுதான் மூச்சு வந்தது. 2024 பிப்ரவரித் தேர்வு எழுதினேன், தேர்வானேன். கட்டாயத் தமிழில் 50-க்கு 20 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால் அதை ஒழுங்காகப் படித்தேன். சான்றிதழ் சரிபார்ப்பு அரை மணி நேரத்தில் முடிந்தது. ஒருங்கிணைந்த பட்டியலை முதலில் நீட்டினேன்.

இப்போது சண்டை பெரும்பாலும் கீ ஆன்சரில்தான், அதாவது தேர்வு நடத்துபவர்கள் வெளியிடும் விடைப் பட்டியலில். வந்தே மாதரம் முதலில் எந்த மொழியில் எழுதப்பட்டது என்ற கேள்விக்கு வங்காளம் என்று எழுதி, கீயில் சமஸ்கிருதம் என்று இருந்ததால் ஒரு மதிப்பெண் குறைந்து 89-இல் நின்ற ஒருவருக்கு, 2017-இல் ஐகோர்ட் அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுக்கச் சொன்னது. 2013-இல் எழுதிய தேர்வுக்கு! எல்லோருக்கும் அத்தனை பொறுமை இருக்காது. உத்தேச விடை வந்ததுமே, கெடுவுக்குள் ஆட்சேபம் அனுப்புங்கள். ஆதாரம் பாடநூலாகவோ தரமான நூலாகவோ இருக்க வேண்டும். கைடு, கோச்சிங் சென்டர் நோட்ஸ் எல்லாம் எடுபடாது. நூலின் தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். அனுப்பியதற்கான ஒப்புகையை அன்றைக்கே பிரிண்ட் எடுத்து வையுங்கள். நாளைக்கு ரிட் போட நேர்ந்தால் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.