‘முடியல’ என்று எழுதுகிறவருக்குப் பதில் எழுதுவது: சில நாட்குறிப்புகள்

மே 8, 2025, வியாழன்

பிளஸ் டூ முடிவு காலையிலேயே வந்துவிட்டது. மதியம் வரை மதிப்பெண் பேச்சுதான். இருட்டிய பிறகு, மனம் ஒடிந்தவர்கள் எழுதுகிற நம் குழுவுக்கு வருகிற செய்திகளின் தொனி வேறாக இருக்கும். ஃபெயில் ஆனவர்களை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் பாதிப் பேரைத் தவறவிடுவோம். 600-க்கு 560 எடுத்துவிட்டு, கேட்ட கல்லூரிக்கு கட்-ஆஃப் வராது என்று உடைந்து போகிற பிள்ளைகளும் இந்த இரவில்தான் எழுதுகிறார்கள்.

துணைத்தேர்வு இதே கோடையில் நடக்கிறது, பாஸானால் இதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம் என்ற தகவல் உண்மையிலேயே உயிர் காக்கும். ஆனால் அதை முதல் பதிலில் எழுதாதீர்கள். முதல் பதில் கேள்வியாக இருக்கட்டும்: “ரிசல்ட் பார்த்ததுல இருந்து வீட்ல எப்படி இருக்கு?” அவர் இரண்டு மூன்று முறை எழுதிய பிறகு துணைத்தேர்வைச் சொன்னால் காதில் ஏறும். எடுத்த எடுப்பில் சொன்னால், பேச்சை முடித்து அனுப்பி வைப்பதாகத்தான் படும்.

ஒரு கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர், தமிழ்நாட்டில் 19,834. காரணங்களில் குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம். தேர்வுத் தோல்வியின் பங்கு இவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. மே மாதத்தில் எல்லோரும் விழித்திருக்கிறோம், சரி. மற்ற பதினொரு மாதங்களில் எழுதுகிற நாற்பது வயதுக்காரருக்கு யார் விழித்திருக்கிறார்கள்?

மே 11, ஞாயிறு

நேராகக் கேட்பது பற்றி. “சாகணும்னு தோணுதா?” இதைத் தட்டச்சு செய்யக் கை கூசும். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 2005-ல் நியூயார்க் பள்ளி மாணவர்களிடம் இதையே சோதித்துப் பார்த்தார்கள். கேட்டதால் நினைப்பு கூடவில்லை. ஏற்கெனவே மனம் ஒடிந்திருந்தவர்களுக்குக் கேட்கப்பட்டதே சற்று ஆறுதலாக இருந்தது. “தப்பான முடிவு எதுவும் எடுக்க மாட்டல்ல?” என்று சுற்றி வளைத்தால், ‘மாட்டேன்’ என்ற பதிலை நாமே அவர் வாயில் வைத்துவிடுகிறோம்.

‘ஆமா’ என்று வந்தால் அடுத்தடுத்துத் தெரிய வேண்டியவை இவை. எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா? இதற்கு ஆமா, இல்லை போதும், விவரம் கேட்காதீர்கள். அதற்கானது இப்போது கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா? இன்றைக்கா, பொதுவாகவா? முன்பு முயன்றிருக்கிறாரா? குடித்திருக்கிறாரா? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கையெட்டும் தூரம், இன்றைக்கு என்ற இரண்டுக்கும் ஆமா வந்துவிட்டால் தட்டச்சை நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள். அவர் இருக்கும் இடத்துக்கு ஒரு ஆள் போயாக வேண்டும்.

அதனால் முகவரியை நிலைமை முற்றும் முன்பே வாங்கி வையுங்கள். ‘வேளச்சேரி’ என்பது முகவரி ஆகாது. பி.ஜி-யின் பெயர், எத்தனையாவது மாடி, எந்த பஸ் ஸ்டாப் பக்கம், அறைத் தோழரின் எண். ஒன்றுமே கிடைக்காவிட்டால் செல்போன் எண்ணோடு 112-க்கு அழையுங்கள், காவல்துறை அதை வைத்துத் தேட முடியும். போலீஸ் வந்தால் மானம் போகும் என்று அவர் கோபிப்பார். கோபித்துக்கொண்டு உயிரோடு இருக்கட்டும்.

எழுதக் கூடாதவற்றில் முதலிடம் “அம்மாவ நினைச்சுப் பாரு”வுக்கு. நல்ல மனதோடுதான் எழுதுகிறோம். அவரோ அம்மாவை இரவு முழுக்க நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார். தான் இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பாரம் குறையும் என்பதே அவர் போட்டு வைத்திருக்கும் கணக்கு. நாம் அந்தக் கணக்கில் இன்னொரு குற்றவுணர்ச்சியைச் சேர்க்கிறோம். “உனக்கு என்னடா குறை?”வும் அதே வகைதான்.

நாள்கணக்கில் அழுதுகொண்டிருந்தவர் ஒரு சாயங்காலம் தெளிவாக, “இப்ப ஓகே, எல்லாருக்கும் தேங்க்ஸ்” என்று எழுதினால் நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். முடிவெடுத்த பிறகு வருகிற அமைதியாகவும் அது இருக்கலாம். ‘இன்னைக்கா?’ என்ற கேள்வியை அன்றும் ஒருமுறை கேளுங்கள்.

மே 17, சனி

மனம் ஒடிந்த இருவர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது. இதைத் தடுத்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். வீட்டில் சொன்னால் கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள், நண்பர்களிடம் சொன்னால் “மச்சி, சரக்கு அடி, சரியாயிடும்” என்கிறார்கள். அதே இடத்தில் நிற்கும் இன்னொருவர் “எனக்கும் அப்படித்தான் இருக்கு” என்று எழுதும்போது கிடைக்கிற ஆசுவாசம் நிஜம். அதை ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டால் அந்த ஆள் மறுபடி தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வலியைச் சொல்வது ஒன்று, வழியைச் சொல்வது முற்றிலும் வேறு. முன்பு முயன்று பிழைத்தவர் தன் கதையைச் சொல்லும்போது என்ன, எவ்வளவு, எங்கே, ஏன் பலிக்கவில்லை என்கிற நான்கும் தானாக வந்து விழும். கேட்கிறவர் அந்த நிலையில் கதையை விட்டுவிட்டு இந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்வார். எனவே இந்த நான்கும் எழுதப்படக் கூடாது. எழுதிவிட்டால் உடனே நீக்க வேண்டும். நீக்கிய கையோடு எழுதியவருக்குத் தனியாக, “நீங்க சொன்னது பாரம்னு தெரியும், அந்த ஒரு பகுதிய மட்டும்தான் எடுத்தேன், மீதிய நாங்க படிச்சிட்டுத்தான் இருக்கோம்” என்று தெரிவியுங்கள். சொல்லாமல் நீக்கினால், தன்னையே அழித்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்.

அதே அனுபவத்தில் சொல்ல வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. அந்த இரவு எப்படிக் கடந்தது, யாருக்குப் போன் போனது, மறுநாள் காலை என்ன சாப்பிட்டார், எந்த வாரத்தில் பாரம் கொஞ்சம் இறங்கியது. 2010-ல் ஆஸ்திரியாவில் செய்தித்தாள்களை ஆராய்ந்தவர்கள், தற்கொலை எண்ணத்தைத் தாண்டி வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்த பிறகு தற்கொலைகள் குறைந்திருந்ததைக் கண்டார்கள். மோசார்ட்டின் இசைநாடகத்தில் கடைசி நேரத்தில் தடுக்கப்படும் பாப்பகேனோவின் பெயரை அதற்கு வைத்தார்கள். முறையை விவரிக்கும் செய்திகளுக்கு எதிர்மாறான விளைவு உண்டு என்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான்.

இன்னும் இரண்டு. “யார்கிட்டயும் சொல்லாத, சத்தியம் பண்ணு” என்றால் பண்ணாதீர்கள். “ஊருக்குச் சொல்ல மாட்டேன். ஆனா உங்க உயிருக்கு ஆபத்துன்னா ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும், அது யாருன்னு நீங்களே சொல்லுங்க” என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இரண்டாவது, ‘சேர்ந்தே போயிடலாம்’ என்ற பேச்சு. விளையாட்டுக்கு எழுதியதாகத் தோன்றினாலும் அந்த இருவரையும் இருவராக விடக் கூடாது. மூன்றாவது ஆள் உடனே நுழைந்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். தூண்டுகிறவர் நல்லவரா கெட்டவரா என்று விசாரித்துக்கொண்டிருக்க அப்போது நேரமில்லை. தற்கொலைக்குத் தூண்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 108-ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

மே 22, வியாழன்

பாதுகாப்புத் திட்டம்: நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் தாள். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வடிவமைத்தது, ஒரே ஒரு பக்கம், ஆறு படி. மனம் கொஞ்சம் தணிந்திருக்கும் வேளையில் அவரே தன் கையால் எழுத வேண்டும். நாம் எழுதிக் கொடுத்தால் அது நம் திட்டம்.

முதலில், நெருக்கடி வருகிறது என்பதன் அறிகுறிகள். ‘மனசு சரியில்ல’ என்று எழுதினால் பயன்படாது. ‘ரெண்டு நாளா குளிக்கல, லோன் ஆப்காரன் போன் வந்தா கை நடுங்குது’ என்று எழுதினால் பயன்படும். இரண்டாவது, யார் உதவியும் இல்லாமல் தானே செய்யக்கூடியது: முகம் கழுவுவது, துணி துவைப்பது, மாடியில் நிற்காமல் தெருவில் நடப்பது. மூன்றாவது, விஷயத்தைச் சொல்லாமலேயே போய் உட்காரக்கூடிய, ஆள் நடமாட்டமுள்ள இடம். சென்னையில் உடனே ‘பீச்’ என்று எழுதுவார்கள். சாயங்காலக் கூட்டத்தில் சரி, நள்ளிரவில் தனியாக வேண்டாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மயிலாப்பூர் மாடவீதி, விடிகாலையில் கோயம்பேடு மார்க்கெட் என்று நேரத்தோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இரவு 2 மணிக்கு நூலகம் பூட்டியிருக்கும். திட்டம் அங்கேயே உடைந்துவிடும்.

நான்காவது, விஷயத்தைச் சொல்லக்கூடியவர்கள். ஒரு பெயர் போதாது, அவர் போனை எடுக்காவிட்டால் அதுவே ‘யாருக்கும் நான் வேண்டாம்’ என்பதற்குச் சாட்சியாகிவிடும். மூன்று பெயர், வரிசையோடு. அந்த மூன்று பேருக்கும் தங்கள் பெயர் அதில் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் இது விட்டுப்போகிறது. “அக்கா, என் லிஸ்ட்ல உங்க பேர் போட்டிருக்கேன், ராத்திரி கூப்பிட்டா எடுப்பீங்களா?” என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஐந்தாவது தொழில்முறை உதவி. தமிழ்நாடு அரசின் ‘நட்புடன் உங்களோடு’ 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, சினேகா 044-24640050. சினேகா 1986 முதல் சென்னையில் இயங்குகிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது. நேரில் போக கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற பெயரைக் கேட்டே ஓடுகிறவர்களுக்கு இந்தக் கடைசி வழி உதவும்: பொது மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போகிறவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆறாவது, சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குவது. நீளமாக எழுத வேண்டிய விஷயம், தனியாக எழுதுகிறேன். எழுதி முடித்த தாளைப் போட்டோ எடுத்துப் போனின் முதல் திரையில் வைக்கச் சொல்லுங்கள். நெருக்கடியில் கேலரிக்குள் தேட முடியாது.

மே 25, ஞாயிறு

ஆறாவது படிக்கு எதிராக எப்போதும் வருகிற வாதம்: “சாகணும்னு முடிவு பண்ணவன் எப்படியும் பண்ணுவான்.” அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. உச்சக்கட்ட நெருக்கடி பெரும்பாலும் நிமிடங்களும் மணிகளுமாகத்தான் நீடிக்கிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாதது காப்பாற்றுகிறது. பெரும்பாலோர் இன்னொரு வழியைத் தேடிப் போவதில்லை. இலங்கை 1990-களில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாக நிறுத்திய பிறகு அங்கே தற்கொலை விகிதம் பெரிதும் சரிந்தது. அதே காரணத்தால்தான் தமிழ்நாடு அரசும் 2023-ல் ஆறு பூச்சிமருந்துகளுக்குத் தற்காலிகத் தடை போட்டது.

சென்னை வீட்டில் இதைச் செய்வது எப்படி? அவர் ஆபத்து என்று சொல்கிற பொருளை இன்னொருவர் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டே வெளியே கொண்டுபோக வேண்டும். பரண்மேல் ஒளித்து வைப்பது கணக்கில் சேராது. தாத்தா பாட்டியின் மாத்திரைகளும் இதில் சேரும், எல்லோரும் மறப்பது அதைத்தான். மருந்தை மாதக்கணக்கில் வாங்காமல் நாலைந்து நாளுக்கு வாங்கி, வேறொருவர் கையிலிருந்து வேளைக்கு வேளை கொடுப்பது. மனநல மருத்துவர் எழுதிய மருந்துக்கும் இதே விதிதான், அதை நிறுத்திவிடக் கூடாது. திருட்டுத்தனமாகச் செய்தால் நம்பிக்கை போய்விடும். “கொஞ்ச நாளைக்கு இத நான் வச்சுக்கறேன், நீயே எடுத்துக் குடு” என்று கேட்டால் பலரும் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளுக்குள் பிழைக்க விரும்புகிற ஒரு பகுதி அதற்காகத்தான் காத்திருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

ஏற்கெனவே ஏதோ செய்துகொண்டுவிட்டு எழுதினால்: 108. “ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன்” என்றாலும் 108. ஆரம்பத்தில் நன்றாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதுவும் கொடுக்க வேண்டாம், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். அட்டையோ பாட்டிலோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். தனியார் மருத்துவமனை வாசலில் பேரம் பேசி நிற்காமல் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி, ராயப்பேட்டை என்று பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மறைத்து, வீட்டிலேயே வைத்திருந்து உயிரை விட்ட கதைகள் இந்த ஊரில் நிறைய. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2024 ஜூலை முதல் இல்லை. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், காவலர் வந்து வாக்குமூலம் கேட்கலாம். அது நடைமுறை, வழக்கு அல்ல.

ஜூன் 8, ஞாயிறு

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகான வாரங்கள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானவை. முதல் வாரம் வீடு நிறைய சொந்தக்காரர்கள், மூன்றாவது வாரம் ஒருவரும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் நடத்திய ஆய்வில் சென்னையும் ஒன்று. முயற்சிக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18-ஆம் மாதங்களிலும் ஒரு போன் அல்லது நேரில் சந்திப்பு. அவ்வளவுதான். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது தற்கொலையால் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம், இந்தப் பேச்சும் தொடர்பும் கிடைத்தவர்களில் 0.2 சதவீதம். 2008-ல் வெளிவந்தது. இதில் மேதைத்தனம் ஏதுமில்லை. காலண்டரில் ஒன்பது தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளும் ஒழுங்குதான் வேண்டும்.

செய்தி சிறியதாக இருக்கட்டும், பதில் கேட்காததாக இருக்கட்டும். “இன்னைக்கு உங்க ஞாபகம் வந்துச்சு. பதில் போடணும்னு இல்ல.” ‘மாத்திர போட்டியா?’ என்று ஆரம்பித்தால் இரண்டாவது தடவையிலேயே நம்மை மியூட் செய்துவிடுவார். நான்காவது மாதத்துச் செய்திதான் எல்லோரிடமும் தவறுகிறது, ஏனென்றால் அப்போது அவர் நன்றாக இருப்பதாகத் தெரிகிறது.

ஜூன் 14, சனி

நீட் முடிவு இன்று. இரவுக்கு ஆள் போடுகிறவர்களுக்கு: ஒருவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் பதில் எழுத வேண்டாம், மூன்றாமவருக்குப் போகிற பதில் மோசமாகத்தான் இருக்கும். இந்த மாதம் தனக்கே மனம் சரியில்லாதவர் வெட்கப்படாமல் ஒதுங்கிக்கொள்ளலாம்.

முறை மாறும்போது சொல்லாமல் போகக் கூடாது. “நான் இப்ப தூங்கப் போறேன், காலைல ஏழு மணிக்கு வந்துருவேன். அதுவரைக்கும் இங்க இன்னொரு அண்ணன் இருப்பார், நீங்க சொன்னத அவர்கிட்ட சொல்லிட்டேன், திரும்ப முதல்ல இருந்து சொல்ல வேண்டாம்.” ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு வர வேண்டும். ஏழே காலுக்கு அல்ல.

2 மணியிலிருந்து 4 மணி வரை இன்னும் ஆள் இல்லை. எடுக்கிறவர்கள் பத்து மணிக்குள் சொல்லிவிடுங்கள்.