பதினொரு ரூபாய் மொய்

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். குடும்ப வரலாறு எழுதக் கற்றுத்தருகிறோம் என்று நூலகச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்தபோது கையில் டெலிவரி கொடுக்க வேண்டிய ரவிக்கை இருந்தது. நான்கு சனிக்கிழமை, 200 ரூபாய். சும்மா போய்ப் பார்ப்போமே என்றுதான் பெயர் கொடுத்தேன்.

நடத்தியவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். தாத்தா பெயரையோ கொள்ளுத்தாத்தா பெயரையோ அவர் கேட்கவில்லை. "உங்க குலதெய்வம் எது? எப்படிச் சொல்லிக் கும்பிடுவாங்க?" என்றுதான் ஆரம்பித்தார். எங்கள் தாத்தா சூடம் ஏற்றும்போது "ஓடக்கரைக் கருப்பா" என்பார். அதைச் சொன்னேன். "கருப்பு ஊருக்கு நாலு இருக்கும்மா. முன்னால வர்ற ஓடக்கரைதான் உங்க விலாசம், எழுதி வைங்க" என்றார். இத்தனை வருடம் அது வெறும் சாமி பெயர் என்றே நினைத்திருந்தேன்.

இரண்டாவது வாரம் பட்டா, பழைய பத்திரம், வில்லங்கச் சான்று என்று போனது. அதையெல்லாம் பிடித்துக்கொண்டே மூன்று தலைமுறை மேலே ஏறலாமாம். நிலமே இல்லாத எனக்கு அந்த இரண்டு மணி நேரம் வீண். பக்கத்தில் இருந்தவர் எட்டுப் பக்கம் எழுதினார், நான் அவருடைய சட்டைக் காலரின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத் தைத்திருந்தார்கள்.

எங்களிடம் இருப்பது வேறு மாதிரிக் காகிதம். இந்த ஊரில் எங்களைச் சிலோன்காரங்க என்பார்கள். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால், இங்கிருந்து அங்கே போன தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் இல்லை என்றாகிவிட்டது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டு, பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பம் அந்த முதல் கணக்கில் வந்து 1973-ல் ராமேஸ்வரத்தில் இறங்கியது. தாத்தாவுக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. எங்களைப் போல வந்தவர்களுக்காகவே 1968-ல் தொடங்கிய தோட்டங்கள் அவை. அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து.

அப்போது கொடுத்த குடும்ப அட்டை தகரப் பெட்டியில் இருக்கிறது. அதில் தாத்தாவுக்கு வயது 52. பாட்டி எப்போதும் "துன்மதி வருஷத்துல பொறந்தவரு" என்பார். சார் அறுபது வருடப் பெயர்களும் அச்சடித்த தாளைக் கொடுத்திருந்தார். துன்மதி என்றால் 1921. அட்டையும் பாட்டியும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். மற்றபடி, அட்டையில் எட்டு வயதாக இருக்கும் அம்மா பள்ளிச் சான்றிதழில் ஆறு வயது. எங்கள் வீட்டில் மாமா, பெரியம்மா, அம்மா என்று அத்தனை பேரும் ஜூன் மாதம் பிறந்தவர்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி.

துன்மதி சரியாக வந்ததும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "தாது வருஷப் பஞ்சத்துல கப்பல் ஏறினோம்" என்று வீட்டில் சொல்லும் கதையை வகுப்பில் சொன்னேன். சார் விரல்விட்டு எண்ணினார். தாது வருடம் 1876. அன்றைக்கு இருபது வயதில் போனவர் தாத்தாவின் அப்பா என்றால், தாத்தா பிறந்தபோது அவருக்கு 65. "போனது அவருக்கு அப்பாவா இருக்கலாம். இல்லன்னா பஞ்சம்னாலே தாதுன்னு சொல்ற வழக்கமா இருக்கலாம்" என்றார். நோட்டுப் பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் யார் எப்போது சொன்னது என்று எழுதச் சொல்லியிருந்தார். வலப்பக்கம் "பாட்டி, பலமுறை" என்று எழுதினேன்.

வருடம் கேட்காதே, இடத்தைக் கேள் என்பது மூன்றாவது வாரப் பாடம். அதுவரை அம்மாவிடம் "அப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "என்னத்த, கஷ்டம்தான்" என்பதோடு முடிந்துவிடும். அன்று இரவு கடையில் துணி வெட்டும் சாக்பீஸைக் கையில் கொடுத்து, இலங்கைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டைத் தரையில் வரையச் சொன்னேன். சிரித்தார். பிறகு குனிந்து ஒரு கோடு இழுத்தார். "இது இஸ்தோப்பு. இங்கதான் தாத்தா படுப்பாரு. இது காம்பரா. அடுப்பு இந்த மூலை." கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதில் சந்தேகம் வந்து, எழுந்து நின்று இல்லாத கதவைத் தள்ளிப் பார்த்தார். உள்பக்கம். நான் இஞ்சி டேப்பை எடுத்தேன். அவர் எட்டி வைத்த அளவுக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி வந்தது. அதற்குள் ஏழு பேர். பீலி எங்கே என்று கேட்டதற்கு வாசலைத் தாண்டிக் கைகாட்டி, "அங்க, தெருவுல வரும்" என்றார். இஸ்தோப்பு, காம்பரா, பீலி எல்லாம் நோட்டில் அவர் சொன்னபடியே இருக்கின்றன, திண்ணை, அறை, குழாய் என்று மாற்றவில்லை. அம்மா பேசியதை எடுத்த ஒலிப்பதிவில் பாதி குக்கர் விசில்தான் கேட்கிறது, அது என் தப்பு.

பெரியம்மா மட்டும் தனுஷ்கோடியில் இறங்கியதாகச் சத்தியம் செய்கிறார். ரயில் நிலையம், மணல், விற்க வந்த மீன் எல்லாம் சொல்கிறார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போய்விட்டது, இவர்கள் வந்தது ஒன்பது வருடம் கழித்து. புயலுக்கு முன்பு ஒருமுறை தாத்தா ஊரைப் பார்க்க வந்து போயிருக்கிறார். அவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டுப் பெரியம்மா தானே இறங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். இடப்பக்கம் தனுஷ்கோடி அப்படியே இருக்கிறது. வலப்பக்கம் "பெரியம்மா; தாத்தாவின் பயணமோ?".

கடைசி வாரம் வந்தது ஆறு பேர். வீட்டில் எழுத்தாக இருக்கிற எதையாவது கொண்டு வரச் சொல்லியிருந்தார். நான் எடுத்துப் போனது 1985-ல் நடந்த அம்மா கல்யாணத்து மொய் நோட்டு. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருந்தது. எல்லாம் கோத்தகிரி, குன்னூர், கூடலூர். நான்காம் பக்கத்தில் மட்டும் துறையூர்ப் பக்கத்து ஊர் ஒன்று, "செக்குமேட்டு வீடு" என்று அடையாளம், ரூ. 11. யாரென்று அம்மாவுக்கும் தெரியவில்லை. "துண்டு போட்ட ஒரு பெரியவர் தாத்தாவைக் கட்டிப் பிடிச்சு அழுதாரு. அவரா இருக்குமோ?" என்றார்.

பத்து நாள் கழித்து மாமாவைக் கூட்டிக்கொண்டு துறையூர் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தோம். டீக்கடையில் செக்குமேட்டு வீடு என்றதும் கைகாட்டிவிட்டார்கள். போகிற வழியிலேயே ஓடை, கரையில் வேல் நட்ட கருப்பு. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் போட்டோ எடுக்க மறந்துபோனேன்.

அந்த வீட்டுப் பெரியவர் உட்காரச் சொல்லவில்லை. "நிலம் சம்பந்தமா வந்திருக்கீங்களா?" என்றார். இல்லை என்று மூன்று முறை சொன்னோம். மொய் நோட்டின் நகலைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் நான்காம் பக்கத்தில் நிறுத்தினார். "எங்க அப்பாரு" என்றார். உள்ளே திரும்பி, காபி போடச் சொன்னார்.

நடந்ததை அம்மாவிடம் போனில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்க வீட்டுல அதுக்கப்புறம் எத்தனை கல்யாணம் நடந்துச்சு?" என்றார். மூன்று என்றேன்.

"நாம ஒண்ணுக்குக்கூட மொய் வைக்கலையேடி."

வைகாசியில் அந்த வீட்டுப் பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்திருக்கிறது. எவ்வளவு வைப்பது என்று அம்மாவும் மாமாவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.