ஹார்ட் டிஸ்க் "டிக் டிக்"னு சத்தம் போட்டா

முதல்ல கரண்ட்டை நிறுத்துங்க. அந்தச் சத்தம் பெரும்பாலும் ஹெட், அதாவது டேட்டாவைப் படிக்கிற முனை, தடுமாறுற சத்தம். திரும்பத் திரும்ப ஆன் பண்ணினா டேட்டா பதிஞ்சிருக்கிற தட்டு கீறிப்போகும். கீறின இடத்து டேட்டாவை யாராலும் எடுக்க முடியாது. ஃப்ரீசர்ல வைக்கவே வைக்காதீங்க, உள்ளே ஈரம் படியும்.

சத்தமில்லாம மெதுவா மட்டும் ஓடுதா? ஸ்மார்ட் ரிப்போர்ட்ல, அதாவது டிஸ்க் தன் நிலைமையைத் தானே பதிஞ்சு வைக்கிற அறிக்கையில, 197-ம் எண்ணைப் பாருங்க. படிக்க முடியாம காத்திருக்கிற செக்டர்களோட (டிஸ்க்ல டேட்டா பதியற சின்னச் சின்னத் துண்டுகளோட) கணக்கு அது. பூஜ்யத்துக்கு மேல ஏறியிருந்தா விண்டோஸோட செக்டிஸ்க் ஓட்டாதீங்க. அது ஃபைல் சிஸ்டத்தைச் சரிபண்றேன்னு பழுதான டிஸ்க்லயே எழுதும்.

செய்ய வேண்டியது நகல். அதே அளவோ பெருசாவோ இன்னொரு டிஸ்க் எடுத்து, லினக்ஸ்ல ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூங்கிற நகலெடுக்கிற புரோகிராமை ஓட்டுங்க. எது வரை படிச்சதுன்னு குறிச்சு வைக்கிற மேப் ஃபைல் கட்டாயம் கொடுங்க, நடுவுல நின்னாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரும். முதல் சுற்றுல மோசமான இடங்களைச் சுரண்டாம நல்லதை மட்டும் அள்ளணும். அப்புறம் 3 தடவை மறுமுயற்சி போதும். நல்ல 1 டிபி டிஸ்க்குக்கே நொடிக்கு 100 எம்பி வேகத்துல கிட்டத்தட்ட 2 மணி 45 நிமிஷம் ஆகும். பழுதானதுக்கு நாள்கணக்கு. டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் மாதிரி டேட்டா மீட்கிற புரோகிராம் எல்லாம் அந்த நகல் மேலதான் ஓட்டணும்.

சுத்தமா உயிரே இல்லையா? 12 வோல்ட் வெளி டிஸ்க்ல 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரைச் செருகினா டிஸ்க்கோட சர்க்யூட் போர்டு போயிடலாம். அதே மாடல் போர்டு வாங்கினா மட்டும் போதாது. பழைய போர்டுல இருக்கிற 8 கால் ரோம் (ROM) சிப்பை, அதாவது படிக்க மட்டுமான நினைவகத்தை, புதுசுக்கு மாத்திச் சால்டர் பண்ணணும். அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் அதுலதான் இருக்கு.