பேபி 700 மேட்டில் ஒரு ரக்பிக்காரர்

"பேபி 700-க்கு யாரும் போக மாட்டார்கள், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை" என்றார் ஓட்டுநர். முதல் உலகப் போரில் சண்டை நடந்த, துருக்கியின் கலிப்பொலி தீபகற்பத்திலுள்ள அந்த ஒரு மேட்டைப் பார்க்கத்தான் இஸ்தான்புல்லிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் வந்திருந்தேன். ஏசி வேலை செய்யவில்லை, ஜன்னலையும் திறக்க முடியாது. தீபகற்பத்திலுள்ள எஜேபாத் ஊரில் இறங்கியபோது சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியிருக்கும்.

எல்லாச் சுற்றுலா வண்டிகளும் ஆன்சாக் கோவ், லோன் பைன், சுனுக் பாயிர் என்று மூன்று இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிவிடுகின்றன. எனக்கு பிளேர் ஸ்வானெல் என்ற பழைய ரக்பிக்காரரின் கல்லறையைப் பார்க்க வேண்டும். அதனால் தனி வண்டி. அரை நாளுக்கு 1,500 லிரா என்று பேசி ஏறினேன்.

சிட்னியில் வேலை பார்த்த வருடங்களில்தான் ஸ்வானெல் பெயரை முதலில் கேட்டேன். 1875-இல் இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் பிறந்தவர். நார்த்தாம்ப்டன் ரக்பி அணியில் ஃபார்வர்டு, அதாவது முன்வரிசையில் மோதி ஆடுபவர். விக்டோரியா மகாராணி உயிரோடிருந்த 1899-இல் பிரிட்டிஷ் அணியோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். பிறகு தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிக் குடியேறிகளோடு பிரிட்டன் நடத்திய போயர் போருக்குப் போனார். 1904-இல் மறுபடியும் அதே சுற்றுப்பயணம். அது முடிந்ததும் சிட்னியிலேயே தங்கிவிட்டார். அடுத்த வருடமே ஆஸ்திரேலியச் சட்டை போட்டுக்கொண்டு நியூசிலாந்துக்கு எதிராக டனீடனில் ஆடினார்.

நல்லவர் என்று யாரும் சொல்லவில்லை. பின்னாளில் ஆஸ்திரேலிய அணித்தலைவரான பேடி மோரனுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. பயிற்சி எடுத்துச் செய்யும் வன்முறைதான் ரக்பி என்று நினைத்தவர் ஸ்வானெல் என எழுதிவைத்திருக்கிறார். எல்லா ஆட்டத்துக்கும் துவைக்காத ஒரே காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார் என்றும் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஒரு ஆளுக்காக இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். வர வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

காரணம் 1915 ஏப்ரல் 25, ஆன்சாக் என்ற ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை துருக்கியர்களோடு சண்டையிட இந்தக் கரையில் இறங்கிய நாள். அப்போது அவருக்கு 39 வயது, ஆஸ்திரேலியப் படையின் முதலாம் பட்டாலியனில் மேஜர். மின்னவாஸ்கா கப்பலில் வரும்போதே, தான் பிழைக்கப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். ரக்பியை எப்படி முழு மனதோடு ஆடினாரோ அப்படித்தான் இதையும் ஆடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கே பேபி 700 மேட்டின் மேல், எப்படிக் குறிபார்ப்பது என்று தன் ஆட்களுக்கு மண்டியிட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது குண்டு பட்டு இறந்தார்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். கடற்கரையிலிருந்து வண்டி வளைந்து வளைந்து மேலே ஏறியது. லோன் பைனில் கூட்டம். பேபி 700-இல் நான் ஒருவன் மட்டும். 700 அடி உயரம் என்று நினைத்து வைத்த பெயராம். உண்மையில் 600 அடிகூட இல்லை. நடந்தால் மூச்சு வாங்காத இந்த மேடு அந்த ஒரே நாளில் ஐந்து முறை கைமாறியது. சாயங்காலம் துருக்கியத் தளபதி முஸ்தபா கெமாலின் படைகள் பிடித்தன. அதற்குப் பிறகு ஆன்சாக் வீரர்கள் யாரும் இதன் மேல் நிற்க முடியவில்லை. இறந்தவர்கள் போர் முடிந்து 1919 வரை அப்படியே கிடந்தார்கள். கல்லறையில் 493 பேருக்கு இடம், அதில் 450 பேர் யாரென்றே அடையாளம் தெரியாதவர்கள். அதனால் பெரும்பகுதி வெறும் புல்வெளிதான். பெயர் உள்ள கற்களும் முழங்கால் உயரம்கூட இல்லை. ஸ்வானெலின் பெயரைக் குனிந்துதான் படித்தேன். தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது. முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கீழே கடல் அவ்வளவு பக்கத்தில் தெரிகிறது. அந்த முதல் நாளில் இவர்கள் ஏறி வந்தது இவ்வளவுதான் என்று பார்த்தபோது தொண்டை அடைத்தது.

கல்லறைகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் திரும்பி வந்ததும் ஓட்டுநர் 2,500 லிரா கேட்டார். காத்திருந்ததற்காம்! ஏறும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அரை மணி நேரம் வாதாடி 2,000 கொடுத்தேன். என் இரண்டு நாள் சாப்பாட்டுப் பணம் அதில் போய்விட்டது. நீங்கள் போனால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசி, காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோபத்தோடு படகேறி எதிர்க்கரையிலுள்ள சனக்கலே நகரத்துக்குப் போனேன். அங்கே கரையோரக் கடையில் திராட்சை இலையில் சுற்றிச் சுட்ட மத்தி மீன். நம் ஊர் வாழையிலை மீன் மாதிரி இலையைப் பிரித்ததும் ஆவியோடு மணம் வருகிறது. எலுமிச்சை பிழிந்து, முள்ளோடு கடித்துச் சாப்பிட்டேன். அப்புறம் அந்த ஊர்ப் பாலாடைக்கட்டி அல்வா, மேலே பொன்னிறமாகச் சுட்டது, சூடாக. மொத்தப் பயணத்திலும் கொடுத்த காசுக்கு மனது நிறைந்தது இந்த இரண்டுக்கும்தான்.

நாளைக்குத் தெற்கே ஹெல்லெஸ் முனை. ஸ்வானெல் ஆடிய 1904 பிரிட்டிஷ் அணிக்குத் தலைவராக இருந்த பெடெல்-சிவ்ரைட் கடற்படை மருத்துவராக இதே தீபகற்பத்துக்கு வந்து, அதே 1915 செப்டம்பரில் நோய்வாய்ப்பட்டு இறந்தார். உடலை அந்த முனைக்கு அப்பால் கடலில் இறக்கினார்கள். அவருக்குக் கல்லறை இல்லை, கரையில் நின்று பார்த்துவிட்டு வரலாம். காலையில் வேறு வண்டி தேட வேண்டும்.